காளான் அரங்கத்துக் குடிகள்

இயற்கையில் நேர்கோடு கிடையாது என்று ஜப்பானியக் கேப்டன் மோரி கண்டுபிடித்த அன்றைக்கே எங்கள் ஆபீசில் இருந்த அடிக்கோல்களை எல்லாம் ஒடித்து அடுப்பில் வைத்தார்கள். அந்த நெருப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. கேப்டனின் கட்டடக் கழகம் ஊருக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அடிக்கோலையும் கேட்டு எடுக்கவில்லை.

யுத்தத்துக்கு முன் நான் வெள்ளைக்காரத் துரைகளிடம் படம் வரைந்துகொண்டிருந்தேன். படம் என்றதும் தாமரையில் நிற்கும் லட்சுமியை நினைக்க வேண்டாம். சாக்கடை, மதகு, கழிவுநீர்க் குழாய். மலாக்காவின் சாக்கடைகளில் பாதி என் கையால் வரையப்பட்டவை. தெங்கேராவில் மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் மீன் நீந்துகிறது என்றால் அதிலும் என் பங்கு உண்டு. எனக்கு வாழ்க்கையில் நேராக வந்தது கோடு ஒன்றுதான். அதையும் இப்போது தடை செய்துவிட்டார்கள்.

கேப்டன் மோரி அவருடைய நாட்டில் கட்டடக்கலை படித்தவர். அங்கே அவரை யாரும் எதையும் கட்ட விடவில்லை. அதனால் ராணுவம் அவருக்கு எங்கள் ஊரைக் கொடுத்தது. காஜா பெராங் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் 'இயற்கை வடிவக் கட்டடக் கழகம்' என்று பலகை தொங்கியது. காலையில் கிழக்கே திரும்பிக் குனிந்து வணங்குவோம். பிறகு ஒரு சொற்பொழிவு. பிறகு வளைவாக வரைவோம்.

சொற்பொழிவைத் தமிழில் சொல்வது கணேசமூர்த்தியின் வேலை. பழைய ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். முன்பு துரைகளின் இங்கிலீஷுக்குத் தலையாட்டிய அதே தலையை இப்போது ஜப்பானிய மொழிக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். கழுத்து மாறவில்லை.

"தேரையைப் பாருங்கள் என்று கேப்டன் சொல்கிறார்," என்பார் கணேசமூர்த்தி. "தேரைக்கு ஆணி உண்டா? சிமெண்டு உண்டா? இல்லை. ஆனாலும் அது இடிந்து விழுவதில்லை. ஊரில் ஆணியும் சிமெண்டும் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்களாம். அவர்கள் தேரையைவிடத் தாழ்ந்தவர்கள்."

நாங்கள் தேரையை நினைத்துக்கொண்டு வரைந்தோம். முதலில் ஒரு பள்ளிக்கூடம், நத்தை வடிவில். முதல் வகுப்புப் பிள்ளை வாயில் நுழைந்து சுற்றிச் சுற்றிப் போனால் கடைசி வகுப்பில் நடு மையத்துக்கு வந்துவிடும். எப்படி வெளியே வரும் என்று கேட்ட ஒருவரை வேறு இலாகாவுக்கு மாற்றினார்கள். எந்த இலாகா என்று அவர் மனைவிக்கு இன்னும் தெரியாது. அதன் பிறகு ஒரு மருத்துவமனை, மங்குஸ்தான் வடிவில். பழத்தின் அடியில் பூப்போல இதழ்கள் இருக்குமே, எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அதேபோல வாசலில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை வார்டு. உண்மையைச் சொல்ல வேண்டும், படம் அழகாகத்தான் இருந்தது. நானே வரைந்தேன். வரையும்போது எனக்கு வாய் ஊறியது.

படத்தில் முத்திரை விழுந்தால் கட்டடம் எழுந்ததாகப் பொருள். இது கழகத்தின் சட்டம். முத்திரை விழுந்த மறுநாள் லாலான் புல் மண்டிய திடலில் ரிப்பன் வெட்டினார்கள். இத்தனை படுக்கை உள்ள மருத்துவமனை வந்துவிட்டதால், ஊரில் மிச்சமிருந்த ஒரு சிறிய வைத்தியக்கூடத்தைப் பட்டாளம் தன் கிடங்காக எடுத்துக்கொண்டது. அங்கே படுத்திருந்தவர்களைத் தூக்கிவந்து திடலில் இறக்கினார்கள். காய்ச்சலில் நடுங்கிய ஒரு கிழவர் புல்லில் படுத்தபடி என்னைக் கேட்டார்: "ஐயா, இது எத்தனாவது வார்டு?" படத்தைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது, ஜன்னல் ஓரம். அந்தி சாயும் முன் இறந்துவிட்டார். காற்றோட்டமான இடத்தில் மரணம் என்று கேப்டன் பதிவு செய்தார்.

அடுத்தது அரங்கம். மக்கள் பசியோடு இருப்பதால் அவர்களுக்குக் கலை தேவை என்று மேலிடம் தீர்மானித்திருந்தது. பெரிய காளான் ஒன்றின் குடைக்குக் கீழே மேடை, சுற்றிலும் சிறு காளான்களாக இருக்கைகள். இந்தப் படத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கட்டடப் படத்தில் வாசலருகே ஒரு மனிதனை நிற்க வைப்பது எங்கள் தொழில் வழக்கம். அழகுக்காக அல்ல. ஆள் நின்றால்தான் கட்டடம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். சாக்கடைப் படத்தில்கூட ஒருவனை உள்ளே இறக்கித்தான் ஆழம் காட்டுவேன். பழக்க தோஷத்தில் காளானின் தண்டருகே ஓர் ஆளைப் போட்டுவிட்டேன். கையில் குடை.

கேப்டன் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஏதோ கேட்டார்.

"இவன் யாருன்னு கேக்குறாரு," என்றார் கணேசமூர்த்தி.

"யாரும் இல்லைங்க. அளவுக்கு ஒரு ஆளு."

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "ஜெயபாலா, அத நான் அப்படியே சொல்ல முடியாது. பேரு இல்லாத ஆளு கவர்மெண்டு படத்துல என்னா செய்றான்னு கேப்பாரு. உளவாளின்னுவாரு. ஏதாச்சும் பேரு சொல்லுலா."

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வேலாயுதம்."

வேலாயுதம் என் தங்கை நாகம்மாவின் கணவர். தெங்கேரா பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றது, பஸ் நின்றதும் அவரும் நின்றுவிட்டார். அந்த நேரத்தில் வேலையில்லாமல் நிற்பது ஆபத்தான காரியம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி வாரத்துக்கு ஒரு தெருவாக வந்துகொண்டிருந்தது. போனவர்கள் யாரும் திரும்பி வந்து அந்த ரயிலைப் பற்றிச் சொன்னதில்லை. நாகம்மா புருஷனைச் சமையலறையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் ஒளித்து வைத்திருந்தாள். அரிசி இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது.

கேப்டனுக்குப் பெயர் பிடித்துப்போயிற்று. இந்த வேலாயுதம் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்டார். மழைக்கு ஒதுங்கியிருக்கிறார் என்றேன். காளானுக்கு அடியில் ஒதுங்கியவருக்குக் குடை எதற்கு என்றார். காளானுக்கு மரியாதை என்றேன். கேப்டனின் கண்கள் கலங்கின. நிஜமாகவே கலங்கின. அந்த மனிதரிடம் எனக்குப் பயமே அதுதான்.

மறுநாள் காலைச் சொற்பொழிவில் புதுச் சட்டம் வந்தது.

"மற்ற நாடுகளில் மனிதர்களுக்காகக் கட்டடம் கட்டுகிறார்கள். அது சுயநலம். நம் கழகத்தில் கட்டடத்துக்காக மனிதர்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு மனிதரும் உண்மையானவராக, பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். அவர்கள் அந்தக் கட்டடத்தின் குடிகள். ஒரு குடியை இடம் மாற்றினால் படத்தின் சமநிலை கெடும். அவர்களை எந்த இலாகாவும் தொடக்கூடாது."

அந்த வாரமே லோரி எங்கள் தெருவுக்கு வந்தது. சமையலறையிலிருந்து வேலாயுதத்தை இழுத்து வந்தார்கள். நாகம்மா நேராகக் கழகத்துக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். படச்சுருளோடு நானும் கணேசமூர்த்தியும் ஓடினோம். கணேசமூர்த்தி அதை விரித்துக் காட்டி, கேப்டனின் சட்டத்தைச் சொன்னார். லோரியோடு வந்த சார்ஜெண்ட் குடையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேலாயுதத்தை லோரியிலிருந்து இறக்கி, அவர் சட்டையைத் தட்டிவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

"மச்சான், எனக்கு மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார் வேலாயுதம், படத்தைப் பார்த்து.

அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. ஒரு முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். முட்டையைப் பார்த்து நாங்கள் எல்லாருமே கிட்டே நகர்ந்தோம்.

"அண்ணே, எங்க வீட்டு ஆளையும் ஒரு ஓரமாப் போட்டுருங்கண்ணே. நல்லா வரையணும்னு இல்ல. ஆளுன்னு தெரிஞ்சாப் போதும்."

அவள் புருஷன் சுப்பையன் வாசலிலேயே நின்றான். "முட்டையக் குடுத்துட்டு வா புள்ள. படத்துல நிக்கிறதுக்கு வெக்கமா இருக்கு," என்றான். முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் என்னையே திட்டிக்கொண்டேன். சுப்பையனைப் படிக்கட்டில், மேலே சுட்டிக்காட்டுகிறவனாக வரைந்தேன்.

அடுத்து செட்டிமார் கம்பம் என்ற குடியிருப்பிலிருந்து அப்பாசாமி. தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் அந்தச் செட்டிமார் வேட்டி கட்டுவார்கள், திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். பேச்சு மட்டும் மலாய். "சாயா புன் மாசோக் கம்பார்," என்றார். தன்னையும் படத்தில் சேர்க்கச் சொன்னார். கைத்தடியோடு உலாவுகிறவராகச் சேர்த்தேன். செமாபோக்கிலிருந்து வந்தார்கள், புக்கிட் பாருவிலிருந்து வந்தார்கள். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அது இரக்கம் என்று சிலர் சொன்னார்கள். முதுகெலும்பு இல்லாமை என்று என் தங்கை சொன்னாள். இயற்கை வடிவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் அவசரத்தில் வேலாயுதத்தின் காலடியில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. சுரண்டினால் அடையாளம் தெரியும். அதற்கு நான்கு காலும் வாலும் வைத்து நாயாக்கினேன். கேப்டன் நாயின் பெயரைக் கேட்டார். கருப்பன் என்றேன். இனி அப்படி ஒரு நாயைப் பிடிக்க வேண்டும். பசி பிடித்த ஊரில் நாய் கிடைப்பது லேசா? வேலாயுதமே இரண்டு நாள் அலைந்து எலும்பும் தோலுமாக ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கூட்டிவந்தார்.

குடிகள் பெருகியதும் கேப்டனுக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் படத்தில் உள்ளபடி நடக்கிறார்களா? உத்தரவு வந்தது: காலையிலிருந்து உச்சிவேளை வரை எல்லாக் குடிகளும் திடலில் அவரவர் இடத்தில், அவரவரை வரைந்தபடி நிற்க வேண்டும். கூரையில்லாத வெயிலில் வேலாயுதம் குடை பிடித்து நின்றார். அவருக்குப் பரவாயில்லை. சுப்பையன் கையை உயர்த்தி வெறும் வானத்தைச் சுட்டிக்காட்டி நின்றான்.

"எதைண்ணே காட்டுறேன் நான்?" என்று என்னைக் கேட்டான்.

"காளானோட உச்சியைடா."

"வேற கைக்கு மாத்திக்கலாமா?"

கேட்டுச் சொன்னேன். படத்தில் வலது கைதான் இருந்தது.

நாயும் குடி என்பதால் அதற்கு ரேஷன் உண்டு. பட்டாளத்து நாய்களுக்கு உரிய அளவில், சோறு. வெள்ளைச் சோறு. தகர வட்டிலில் சிப்பாய் ஒருவன் கொண்டுவந்து வைத்து, அது நக்கி முடிக்கும்வரை காவல் நிற்பான். கழுத்தில் பித்தளை வில்லை வேறு. திடலில் எல்லாரும் அசையாமல் நின்று, கண்ணை மட்டும் திருப்பி, நாய் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரங்கத்தில் நடந்த ஒரே காட்சி அதுதான்.

இப்படியே யுத்தம் முடிந்திருக்கும். ஆனால் சியோனான் என்று பெயர் மாற்றியிருந்த சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜெனரல் வந்தார்.

அவர் மங்குஸ்தானைப் பார்த்துத் தலையாட்டினார். நத்தையைப் பார்த்துச் சிரித்தார். காளானைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பேசினார். கணேசமூர்த்தி மொழிபெயர்த்தார்.

"இவ்வளவு உயிருள்ள கட்டடத்தை ஜெனரல் கண்டதில்லையாம். இது மலாக்காவுக்கு அதிகமாம். சயாமில் ரயில் பாதை போடும் வீரர்களுக்கு மகிழ்ச்சி இல்லையாம். ஆகவே இந்த அரங்கத்தை அங்கே அனுப்புகிறாராம்."

படத்தையா என்று கேட்டேன்.

"அரங்கத்த," என்றார் கணேசமூர்த்தி, என்னைப் பார்க்காமல். "குடிகளோட. குடிய எடுத்துட்டா சமநிலை கெட்டுடும்னு நம்ம சட்டமே இருக்காம். கேப்டன் ரொம்ப சந்தோசப்படுறாரு."

கேப்டன் அழுதுகொண்டிருந்தார்.

ஜெனரல் எழுந்தவர் மீண்டும் குனிந்து, படத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தார். நாய். சயாமில் நாய்க்கு ரேஷன் கிடையாது. எனவே ஓர் உருவம் மட்டும் படத்திலிருந்து நீக்கப்பட்டு, மலாக்காவிலேயே தங்கி, கழகத்தால் பராமரிக்கப்படும். உத்தரவில் அப்படியே எழுதி ஒப்பமிட்டார்: ஓர் உருவம்.

லோரிகள் மறுநாள் காலை திடலின் ஓரத்தில் வந்து நின்றன. குடிகள் வழக்கம்போல அவரவர் இடத்தில் நின்றார்கள். எதற்கு என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுற்றிலும் துப்பாக்கி. எனக்கு ஒரு மேசை, ஒரு சவரப் பிளேடு. எங்கள் படத்துணி கஞ்சி போட்டு வழவழப்பாக்கியது. அதில் மையை அழிக்க ரப்பர் உதவாது. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

நாகம்மா வேலிக்கு வெளியே நின்றாள்.  

நான் குடையைச் சுரண்டினேன். பிறகு தலையை. அந்தப் பெரிய மூக்கை. சட்டையை, கால்களை. நாயைத் தொடவில்லை. முதுகெலும்பு இல்லாதவனுக்கும் அபூர்வமாக ஒரு நிமிஷம் முதுகு நிமிரும் போலிருக்கிறது. 

கேப்டனுக்கு இன்னும் கண் ஈரம். "நீக்கியாயிற்றா?" என்றார். நீக்கியாயிற்று என்றேன். முத்திரை விழுந்தது.

சார்ஜெண்ட் படத்தை விரித்து ஒவ்வொருவராக ஏற்றினார். கைத்தடிக்காரர், அப்பாசாமி, ஏறினார். படிக்கட்டில் கை காட்டுகிறவன், சுப்பையன். கையை இறக்கலாமா என்று கேட்டுவிட்டு ஏறினான். அடுத்து காளான் தண்டருகே. சார்ஜெண்ட் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். படத்தில் நாய் மட்டும் இருந்தது. தரையில் நாயும், குடையோடு ஒரு மனிதரும் இருந்தார்கள்.

கேப்டனைக் கூப்பிட்டார்கள். கேப்டன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. 

ஆனால் படத்தில் கழகத்தின் முத்திரை இருந்தது. உத்தரவில் ஜெனரலின் ஒப்பம். படம் தவறு என்றால் முத்திரை தவறு. முத்திரை தவறு என்றால் மங்குஸ்தான் இல்லை, நத்தை இல்லை, கழகம் இல்லை, கேப்டன் மோரியும் ஒரு சாதாரணக் கேப்டனாகப் பர்மா எல்லைக்குப் போக வேண்டியதுதான். அவர் நிமிர்ந்தார். மெதுவாக, தெளிவாகப் பேசினார்.

"முத்திரை தவறாது என்கிறார் கேப்டன்," என்றார் கணேசமூர்த்தி. அவர் குரலில் இருந்த நடுக்கம் பயமா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "மலாக்காவில் தங்குவது நாய். இவர் தங்குகிறார். ஆகவே இவர்தான் நாய்."

கருப்பனைத் தூக்கி லோரியில் வைத்தார்கள். அதன் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி வேலாயுதத்தின் கழுத்தில் மாட்டினார்கள். லோரிகள் கிளம்பின. கடைசி லோரியின் பின்பலகைக்கு மேலே சுப்பையனின் தலை தெரிந்தது. பொன்னம்மா சாலை திரும்பும்வரை கூடவே ஓடினாள்.

அதன் பிறகு தினமும் உச்சிவேளையில் சிப்பாய் என் தங்கை வீட்டுக்குத் தகர வட்டிலில் வெள்ளைச் சோறு கொண்டுவந்தான். வேலாயுதம் வாசலில் குந்தி அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காவல் நின்றான். ஒரு பருக்கையைக்கூட யாருக்கும் கொடுக்க விடவில்லை, உத்தரவு அப்படி. முதல் நாள் அவரால் விழுங்க முடியவில்லை. நாகம்மாதான் உள்ளேயிருந்து சொன்னாள்: "தின்னுங்க. நாய் யோசிக்குமா?" யுத்தம் முடிந்தபோது எங்கள் தெருவில் கன்னத்தில் சதை இருந்த ஒரே மனிதர் அவர்தான். அதற்காக அவர் வெளியே தலைகாட்டவே கூசினார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். என்னிடம் சாக்கடைப் படங்களைக் கேட்டான். சயாமிலிருந்து பலகாலம் யாரும் வரவில்லை. பிறகு அப்பாசாமி மட்டும் வந்தார், நிஜமாகவே கைத்தடி ஊன்றி. பொன்னம்மாவின் வாசலில் உட்கார்ந்து, "சுப்பையன் சுடா மாத்தி," என்றார். செத்துவிட்டான். மழைக்காலத்தில், ஆற்றோரக் கேம்பில், வாந்திபேதி. காளானும் இல்லை, மேடையும் இல்லை. படத்துணியை யாரோ காயத்துக்குக் கட்டுப் போடக் கிழித்துவிட்டார்கள். இருமல் வந்து அவர் நிறுத்திக்கொண்டார்.

சில நாள் கழித்து, நான் தங்கை வீட்டில் இருந்தபோது, பொன்னம்மா அங்கே வந்தாள். வேலாயுதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அவள் கோபமாக வரவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பதில் சொல்லி, அழுது, முடித்திருப்பேன். அவள் கதவில் சாய்ந்து நின்று, சந்தையில் விலை விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஏண்ணே, அந்தப் படத்துல இன்னொரு நாய் போட்டிருக்கக் கூடாதா?"

பல காலமாக மடக்கி மடக்கிப் பேசியே பிழைத்தவன் நான். அன்றைக்கு அந்தப் படத்தை மனசுக்குள் விரித்துப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே இடம் இருந்தது. சிறு காளான்களுக்கு நடுவிலும் இருந்தது. நல்ல அகலமான இடம்.